கடல்நீர்த் தொட்டியில் 'சேரும்' மீன்: என்ன சொல்லலாம்?

ரோஸ் ஹில் தமிழாசிரியை எழுதியது:

சொல்லாக்கக் குழுவினருக்கு வணக்கம். மொரிஷியஸில் எங்கள் பள்ளி அறிவியல் மன்றம் கடல்நீர்த் தொட்டி ஒன்று அமைத்திருக்கிறது. உயிருள்ள பவளம் வளரும் தொட்டி. எந்த மீனை எதனோடு விடலாம் என்று பிரெஞ்சில் ஒரு பலகை எழுதிவிட்டார்கள். பக்கத்திலேயே தமிழ்ப் பலகையும் வேண்டும் என்று கேட்டு வாங்கியவள் நான்தான். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொம்பாத்திப்ள்', அதாவது சேர்ந்து வாழக்கூடியது, என்ற சொல்லில்தான் நிற்கிறேன். 'பொருந்தும் மீன்கள்' என்று எழுதினால் மாணவிகள் கல்யாணப் பொருத்தத்துக்குப் போய்விடுகிறார்கள். உதவுங்கள்.

மோக்கா விரிவுரையாளர் எழுதியது:

அம்மா, கணினிக்காரர்கள் 'இணக்கம்' என்று எப்போதோ வைத்துவிட்டார்கள். ஆனால் இணங்குதல் என்பது சம்மதித்தல். மீன் யாருக்குச் சம்மதம் சொல்கிறது? 'ஒ' என்ற வேரிலிருந்து போவோம். ஒத்தல், ஒப்பு, ஒவ்வுதல், ஒன்று எல்லாம் ஒரே குடும்பம் என்பது என் கருத்து. 'ஒவ்வும் மீன்' என்றால் சுருக்கமாக இருக்கும். எதிர்ச்சொல்லாக 'ஒவ்வாத மீன்' தானாக வந்துவிடும். இன்னும் ஒரு படி மேலே போனால் 'ஒக்கல்' இருக்கிறது. தென்புலத்தார், தெய்வம், விருந்து, ஒக்கல் என்று வள்ளுவர் சொன்ன அந்த ஒக்கல்தான், சுற்றம். 'ஒக்கல் மீன்கள்' என்று தலைப்பிட்டுப் பாருங்கள். உடனுறை என்றும் சொல்லலாம். ஆனால் தொல்காப்பியர் அதைச் செய்யுளில் மறைபொருள் சொல்லும் உள்ளுறை ஐந்தில் ஒன்றாக வைத்துவிட்டதால் இலக்கண மாணவர்கள் குழம்புவார்கள்.

டர்பன் பெரியவர் எழுதியது:

ஒக்கல் நல்ல சொல். ஆனால் முதலில் 'பவளம்' என்பதையே மாற்ற வேண்டும். அது வடக்கிலிருந்து வந்தது என்பார் பலர். இங்கிருந்து போய்த் திரும்பியது என்பாரும் உண்டு. அந்த வழக்கே வேண்டாம், நம்மிடம் 'துகிர்' இருக்கிறது. புறநானூறு 218ஆம் பாட்டைப் பாருங்கள். கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்த இடத்துக்குப் பிசிராந்தையார் வந்து சேர்ந்ததைக் கண்ணகனார் பாடியது. 'பொன்னும் துகிரும் முத்தும்' பிறந்த இடத்தால் ஒன்றுக்கொன்று தூரம். ஆனால் 'தொடை புணர்ந்து' அணியாகும்போது ஓரிடத்தில் சேர்ந்து தோன்றுகின்றன. உங்கள் தொட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு கிடையாது. 'துகிர்த்தொட்டி' என்றே எழுதுங்கள்.

போர் லூயி தொட்டிக்காரர் எழுதியது:

வணக்கம். இலக்கணம் எனக்கு அவ்வளவாக வராது. தொட்டியில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். பிரெஞ்சுச் சொல் ஒன்றுதான், ஆனால் அதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன.

முதல் கேள்வி: இந்த மீன் பவளத்தை விட்டுவைக்குமா? வண்ணத்துப்பூச்சி மீன்களில் பலவற்றுக்குப் பவளத்தின் சதைதான் சாப்பாடு. தொட்டியில் விட்ட அன்றே கொத்தத் தொடங்கிவிடும். விரிந்திருந்த பவளம் சுருங்கி மூடிக்கொள்ளும், அப்புறம் வெள்ளையாக எலும்புக்கூடுதான் மிஞ்சும். கிளாத்தியும் பேத்தையும் நத்தை, நண்டு, இறால் எதையும் விடாது. இரண்டாவது கேள்வி: மற்ற மீன்களோடு வாழுமா? சிங்கமீன் பவளத்தின் பக்கமே போகாது, ஆனால் தன் வாய்க்குள் அடங்கும் சின்ன மீன்களை விழுங்கிவிடும். டாம்செல் மீனும் பவளத்துக்கு நல்ல பிள்ளை. அதை முதலில் விட்டால் தொட்டி முழுக்கத் தன் சொத்து என்று எடுத்துக்கொண்டு, பின்னால் வருகிறவர்களை மூலைக்குத் துரத்தும். சாதுவானதை முதலில், முரடனைக் கடைசியில் விட வேண்டும் என்பது அதனால்தான்.

விரிவுரையாளர் ஐயாவுக்கு ஒன்று. 'ஒ' குடும்பத்துச் சொற்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பதைச் சொல்கின்றன, இல்லையா? தொட்டியில் ஒரே மாதிரி இருப்பவைதான் சண்டை போடும். ஒரே இனத்து சர்ஜன் மீன் இரண்டைச் சின்னத் தொட்டியில் விட்டால் வால் முள்ளால் கீறிக்கொள்ளும். உருவம் ஒத்தால் போதும், இனம்கூட ஒக்க வேண்டாம். இரையும் ஒன்று, பொந்தும் ஒன்று, அதனால் பகை. சுற்றம் கூடினால் அடிதடி என்கிற இடத்தில் 'ஒக்கல்' என்று பலகை வைத்தால் பிள்ளைகள் ஒரே வகை மீனாக வாங்கிப் போடுவார்கள்.

காத்ர் போர்ன் அக்கா எழுதியது:

தம்பி சொன்னதுதான் சரி. நான் யாழ்ப்பாணத்தில் படித்தவள். எங்களுக்கு அது பவளப்பாறை இல்லை, முருகைக்கல். அணிகிற பவளத்தையும் கடலில் வளர்கிறதையும் பிரித்துச் சொல்ல அந்தச் சொல் உதவும். மன்னார்க் கடலில் முத்துக் குளித்தவர்கள் 'பார்' என்றார்கள். கடலடித் திட்டு என்று பொருள். துகிருக்குப் போகும் முன் மீனவரிடம் கேட்கலாமே.

டர்பன் பெரியவர்:

முருகைக்கல் எங்கள் பக்கம் யாருக்கும் தெரியாது.

ரோஸ் ஹில் தமிழாசிரியை:

ஐயா, துகிரும் இங்கே யாருக்கும் தெரியாது. எங்கள் பிள்ளைகள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள். பாறைத்திட்டை ப்ரிசான் என்பார்கள், ஓரா மீனைக் கொர்தோனியே என்பார்கள். தமிழ் அவர்களுக்குப் பாடவேளையில் மட்டும். பலகையில் ஒரு வரியைத் தாமாக வாசித்துப் புரிந்துகொண்டால் அடுத்த வரியையும் வாசிப்பார்கள். முதல் சொல்லிலேயே அகராதி தேவைப்பட்டால் பிரெஞ்சுப் பலகைக்குத் திரும்பிவிடுவார்கள். கண்ணெதிரே நடப்பது இது, அதனால் பிடிவாதமாகவே சொல்கிறேன். 'பவளம்' இருக்கட்டும்.

தொட்டிக்காரர் பிரித்துக் காட்டியபடி இரண்டு தலைப்பு வைக்கிறேன். மற்ற மீன்களோடு வாழ்பவை 'இணங்கும் மீன்கள்'. பவளத்தைத் தொடாதவை 'பவளம் தீண்டா மீன்கள்'. சரியா?

காத்ர் போர்ன் அக்கா:

'தீண்டா' வேண்டாம் தங்கச்சி. தீண்டாமை என்ற சொல் பட்ட பாட்டுக்குப் பிறகு அதைப் பிள்ளைகள் முன்னால் நல்ல குணமாக வைக்க எனக்கு மனம் வரவில்லை. 'பவளம் கடிக்காத மீன்கள்' என்று நேராகவே எழுது.

மோக்கா விரிவுரையாளர்:

கடிக்காத என்பது விளக்கம், கலைச்சொல் ஆகாது. ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சமாக்கினால் செறிவு வரும்: 'பவளம் கடியா மீன்'. 'கடிக்கா' என்றாலும் சரி. செய்யுளில் 'கடியா'தான் பழகிய வடிவம். இணக்கம் பற்றிய என் மறுப்பு அப்படியே இருக்கிறது. ஒத்தவை பகைக்கும் என்பதை மட்டும் ஏற்கிறேன். அது நல்ல வாதம்.

போர் லூயி தொட்டிக்காரர்:

கடிக்காத, கடியா இரண்டும் எனக்குச் சம்மதம். நம் கடலின் கோமாளி மீன், மொரிஷியஸ் அடங்கிய மஸ்கரீன் தீவுகளைத் தாண்டிக் கிடைக்காதது, இரண்டு தலைப்பிலும் வரும். அதற்கு முதலிடம் கொடுங்கள்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை:

'இணங்கும் மீன்கள்', 'பவளம் கடிக்காத மீன்கள்' என்று அனுப்பப் போகிறேன். மறுப்பு உள்ளவர்கள் இன்று இரவுக்குள் சொல்லுங்கள்.

காத்ர் போர்ன் அக்கா:

சம்மதம்.

டர்பன் பெரியவர்:

பலகைக்கு மறுப்பில்லை. குழுவின் சொற்பட்டியலில் துகிரும் இடம்பெற வேண்டும். இதில் நான் இறங்கி வரமாட்டேன்.

போர் லூயி தொட்டிக்காரர்:

அனுப்பும் முன் இன்னொன்று. மண்டாரின் மீன் பவளத்தைக் கடிக்காது, யாரோடும் சண்டை போடாது. இரண்டு தலைப்பிலும் அழகாக உட்காரும். ஆனால் அது தின்பது பாறையில் ஊரும் நுண்ணிய கோபிபாட் உயிரிகளை. புதுத் தொட்டியில் அவை போதாது. நாள்தோறும் மெலிந்து பட்டினியால் சாகும். பலகையைப் படித்துவிட்டு யாராவது அதை வாங்கி வந்தால்? 'எல்லோரோடும் சேரும், ஆனால் இந்தத் தொட்டியில் பிழைக்காது' என்பதற்கு மூன்றாவது தலைப்பு ஒன்று வேண்டும்.

மோக்கா விரிவுரையாளர்:

அதற்குத்தான் 'ஒவ்வா' என்று ஆரம்பத்திலேயே சொன்னேன்.

ரோஸ் ஹில் தமிழாசிரியை:

ஒவ்வாமை என்றால் பிள்ளைகளுக்கு உடம்பில் தடிப்பது, ஐயா. மண்டாரினைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறேன். அச்சகம் நாளை எட்டு மணிக்குத் திறக்கிறது.