கொள்ளிடத் திட்டுகளில் கபடிக் கழக வரலாறு: பழைய களம் எங்கே இருந்தது?

சீர்காழிப் பக்கம்:
கொள்ளிடக்கரைப் படுகை, திட்டு ஊர்களில் கபடிக் கழக வரலாறு எழுத உட்கார்ந்தால், பழைய களம் எந்த இடத்தில் இருந்தது என்பதிலேயே பேச்சு நின்றுவிடுகிறது. ஒவ்வொரு வெள்ளமும் வண்டலைப் போட்டு மூடுகிறது, இல்லையென்றால் அரித்துக்கொண்டு போகிறது. களத்தை அடையாளம் கண்டு மறுபடி அமைத்த முறை தெரிந்தவர்கள் அளவுகளையும் சேர்த்து எழுதுங்கள்.

அணைக்கரைப் பக்கம்:
நான்கு மூலையிலும் 2 அடி ஆழத்தில் கல் புதைப்பது பழைய வழக்கம். மேலே வண்டல் ஏறினால் கடப்பாரையால் குத்தித் தேடிப் பிடித்துவிடலாம். அரிப்பு வந்தால் கல்லே போய்விடும், அதனால் கல்லை மட்டும் நம்பக் கூடாது. கோயில் பலிபீடம், அடிபம்பு மேடை மாதிரி நகராத இரண்டு இடங்களிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் டேப் பிடித்து, அந்த அளவுகளைக் கழகத்தின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். இரண்டு டேப்பும் சந்திக்கும் புள்ளிதான் மூலை. அப்படிச் சந்திக்கும் புள்ளி இரண்டு பக்கமும் ஒவ்வொன்று வரும் என்பதால் களம் எந்தப் பக்கம் என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டு குறிகளும் மூலையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் அமைந்தால் சந்திப்பு மழுங்கி, ஓரிரு அடி பிசகும். மரத்தைக் குறியாக வைக்கவே வேண்டாம். கஜா புயல் எத்தனை மரங்களைச் சாய்த்தது என்று டெல்டாவில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.

ஸ்காட்லாந்தில் தெற்கு யூயிஸ்ட் தீவின் அஸ்கர்னிஷ் கிராமத்தில் 1891-இல் ஓல்ட் டாம் மோரிஸ் அமைத்த கோல்ஃப் மைதானம், பிற்பாடு மேய்ச்சல் நிலத்தோடு கலந்து மறைந்துபோனது. 2005-க்குப் பிறகு மணல்மேடுகளின் நெளிவைப் படித்தே அதைத் தேடி, 2008-இல் மறுபடி திறந்தார்கள். அங்கே படிக்க மணல்மேடு இருந்தது. நம் படுகையில் மேடே மாறிவிடுவதால், நமக்கு எழுதி வைத்த அளவுதான் ஆதாரம்.

கும்பகோணம் வட்டம்:
மூலை கிடைத்ததும் மூலைவிட்டத்தைச் சரிபாருங்கள். ஆண்கள் களம் 13 மீட்டருக்கு 10 மீட்டர். மூலைவிட்டம் இரண்டும் 16.40 மீட்டர் வர வேண்டும். பெண்கள் களம் 12-க்கு 8, மூலைவிட்டம் 14.42. ஆண்கள் களத்தில் நடுக்கோட்டிலிருந்து பாக் லைன் (பாடி வருபவர் தாண்ட வேண்டிய கோடு) 3.75 மீட்டர், அதற்கு 1 மீட்டர் பின்னால் போனஸ் லைன் (கூடுதல் புள்ளிக்கான கோடு), லாபி எனும் பக்கவாட்டுப் பட்டை இரு பக்கமும் 1 மீட்டர். அளவு தப்பும் களங்களில் பெரும்பாலும் லாபியை 10 மீட்டருக்கு வெளியே சேர்த்திருப்பார்கள். அந்த 10 மீட்டருக்குள்ளேயே லாபியும் அடக்கம்.

இனி மண். ஆண்கள் களத்தைச் சுற்றி 1 மீட்டர் சேர்த்து 15-க்கு 12 மீட்டர் பரப்பில் அரை அடி புது மண் போட 27 கன மீட்டர் வேண்டும், ஏறத்தாழ 10 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). ஆற்றுக்குள் இறங்கி மணல் அள்ளக் கூடாது. வெள்ளம் களத்தில் விட்டுப்போனதையே சலித்தால் பெரும்பகுதி தேறும். கிளிஞ்சல், கருவேல முள், கண்ணாடித் துண்டு மூன்றும் போகும்வரை சலியுங்கள்.

வெறும் வண்டல் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும், முழங்காலைச் சிராய்க்கும், பனி பெய்தால் வழுக்கும். மணல் கூடினால் கால் புதைந்து கணுக்கால் பிசகும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிடத்தில் அடியில் படியும், வண்டலுக்குச் சில மணி நேரம், களிக்கு ஒரு நாள். எது அதிகம் என்று தெரிந்தபின் மணலோ வண்டலோ சேர்க்கலாம்.

ரோலர் ஓட்டும் பதம்தான் பலர் தவறவிடுவது. மாலையில் தண்ணீர் தெளித்து, காலையில் ஒரு பிடி மண்ணை அழுத்துங்கள். உருண்டை நிற்க வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விட்டால் உடைய வேண்டும். உடையாவிட்டால் ஈரம் கூடுதல். அப்போது ஓட்டினால் மண் ரோலரில் ஒட்டி மேல்தோல் உரிந்துவிடும். நடுக்கோட்டை இரு கடைக்கோடுகளையும்விட 6 சென்டிமீட்டர் உயர்த்தி டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய குழாயால் மட்டம் பார்ப்பது) பிடித்தால் மழைநீர் தேங்காது. கோட்டுக்குக் கோலமாவு போதும். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் எரிக்கும்.

மயிலாடுதுறைப் பக்கம்:
வருஷம் குறிப்பது பற்றி. "பெருவெள்ளத்துக்கு முந்தின பொங்கல்" என்று ஊர்ப் பெரியவர் சொன்னால் எந்த வெள்ளம் என்று உடனே கேட்டுவிடுங்கள்: 1977 நவம்பர் புயலா, 2005-ஆ, முக்கொம்பு மதகுகள் உடைந்த 2018 ஆகஸ்டா, 2022-ஆ? அந்தப் பதிலைக் கேடயத்தில் பொறித்த ஆண்டு, வசூல் ரசீதின் அடிக்கட்டை இரண்டோடும் ஒப்பிட வேண்டும். பழைய நோட்டீசுகளில் 'கபடி' என்று மட்டும் தேடாமல் 'சடுகுடு' என்றும் தேடுங்கள். 1975 சங்கப் பதிவுச் சட்டப்படி வாங்கிய சான்றிதழில் இருப்பது பதிவான ஆண்டு. ஆட்டம் அதற்கு வெகுகாலம் முன்பே தொடங்கியிருக்கலாம்.

நனைந்த தீர்மானப் புத்தகத்தை வெயிலில் போட்டுவிடாதீர்கள், தாள் சுருங்கி ஒட்டிக்கொள்ளும். நிழலில் பக்கத்துக்கிடையே செய்தித்தாள் வைத்து, அது நனைய நனைய மாற்றுங்கள். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டினால் பூஞ்சை பிடிக்கும். மூலை அளவு எழுதிய பக்கத்தை மட்டும் இன்றே படமெடுத்து, கரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள்.