டெமரேஜ், டிடென்ஷன், கிரவுண்ட் ரென்ட்: எல்லாவற்றுக்கும் ‘தாமதக் கட்டணம்’ போதுமா?

தூத்துக்குடி – சுங்க முகவர்

அனைவருக்கும் வணக்கம்.

இறக்குமதியாளர் கையேட்டின் வரைவைப் படித்தேன். அதில் ‘தாமதக் கட்டணம்’ என்ற ஒரே சொல் ஐந்து வெவ்வேறு செலவுகளுக்கு நிற்கிறது. இப்படியே அச்சுக்குப் போகக் கூடாது. பணத்தை வாங்குபவர் ஒவ்வொன்றிலும் வேறு. நாள் எண்ணத் தொடங்கும் இடம் வேறு, தள்ளுபடி கேட்க வேண்டிய அலுவலகமும் வேறு. பெயர் ஒன்றாக இருப்பதால் கப்பல் நிறுவனத்துக்கு எழுத வேண்டிய கடிதத்தைச் சுங்கத்துக்கு எழுதுகிறார்கள். பதில் வருவதற்குள் இன்னும் பத்து நாள் ஏறிவிடுகிறது.

முதலாவது, பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்கின் விவரம் எழுதிச் சுங்கத்துக்குத் தரும் படிவம்) பிந்தித் தாக்கல் செய்வதற்குச் சுங்கத்துறை வாங்குவது. 2021 திருத்தத்துக்குப் பின் 1962 சுங்கச் சட்டம் 46(3)-இன்படி கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் தாக்கல் செய்துவிட வேண்டும். விடுமுறை நாளும் கணக்கில் சேரும். இலங்கை போன்ற அண்டை நாடுகளிலிருந்து கடல்வழி அனுப்பப்பட்ட சரக்குக்கு மட்டும், வந்து சேரும் நாள் முடியும்வரை இடம் உண்டு. கெடு தவறினால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் நாளொன்றுக்கு 10,000 ரூபாய். ஐந்து நாள் பிந்தினால் 35,000. காரணம் ஏற்கத்தக்கது என்று சுங்க அதிகாரி கருதினால் இதைத் தள்ளுபடி செய்யலாம். இது ஒன்றுதான் சரியான பொருளில் ‘தாமதக் கட்டணம்’.

இரண்டாவது, துறைமுகக் கொட்டகையில் இலவச நாள் முடிந்தும் எடுக்காத சரக்குக்குத் துறைமுகம் வாங்கும் டெமரேஜ். மூன்றாவது, சரக்குப் பெட்டி (கன்டெய்னர்) சி.எஃப்.எஸ். எனும் சரக்குப் பெட்டி நிலையத்தின் முற்றத்தில் நிற்பதற்கு அந்த முற்றத்தை நடத்துபவர் வாங்கும் கிரவுண்ட் ரென்ட். நான்காவது, பெட்டியைக் காலி செய்து திருப்பித் தராத நாட்களுக்குக் கப்பல் நிறுவனம் வாங்கும் டிடென்ஷன். ஐந்தாவது, நிலக்கரி போல, பெட்டியில் அடைக்காமல் அப்படியே கப்பலில் ஏற்றும் மொத்தச் சரக்கில் ஏற்றியிறக்கும் கெடு தாண்டிக் கப்பலையே காக்க வைத்ததற்கு, வாடகைக்கு எடுத்தவர் கப்பல் உரிமையாளருக்குக் கொடுக்கும் டெமரேஜ்.

மூன்றும் நான்கும் ஒரே பெட்டியின் மேல் ஒரே சமயத்தில் ஓடும். ஒரு கணக்கு: கப்பலிலிருந்து பெட்டி இறங்கியது 1-ஆம் தேதி. கப்பல் நிறுவனம் தந்த இலவச நாள் 7. சி.எஃப்.எஸ். முற்றத்துக்கு வந்தது 3-ஆம் தேதி, அங்கே இலவசம் 3 நாள். சுங்கம் முடிந்து பெட்டி வெளியேறியது 16, காலிப் பெட்டி திரும்பியது 19. முற்றத்துக்கு 6 முதல் 16 வரை 11 நாள் வாடகை. கப்பல் நிறுவனத்துக்கு 8 முதல் 19 வரை 12 நாள் டிடென்ஷன். 8 முதல் 16 வரை இரண்டு மீட்டரும் சேர்ந்தே ஓடியிருக்கின்றன. வரைவில் இந்த இரண்டு பில்லுக்கும் ஒரே பெயர். படிப்பவர் ‘ஒன்றைக் கட்டியாயிற்றே, இது என்ன மறுபடியும்?’ என்றுதான் கேட்பார்.

பெயர் சொல்லுங்கள்.

சென்னை – கப்பல் முகமை, இறக்குமதிப் பிரிவு

ஐயா சொல்வது முழுக்கச் சரி. நான்காவதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

டிடென்ஷனுக்குச் சில அகராதிகளைப் பார்த்து ‘தடுப்புக் கட்டணம்’ என்று போடலாம் என யாராவது சொல்லக்கூடும். வேண்டவே வேண்டாம். சுங்கத்தில் தடுத்துவைப்பு என்றால் ஐயத்தின் பேரில் அதிகாரி சரக்கை வெளியே விடாமல் நிறுத்துவது. இங்கே யாரும் எதையும் தடுக்கவில்லை, பெட்டி இறக்குமதியாளரிடம் இருக்கிறது, அவ்வளவுதான். ‘தடுப்புக் கட்டணம்’ என்று கடிதம் போனால் சரக்கைச் சுங்கம் பிடித்துவிட்டதாகவே அவர் பதறுவார்.

கடிகாரம் எப்போது நிற்கும் என்பதையும் பெயரே காட்டினால் நல்லது. சரக்கை எடுத்துச் செல்லச் சுங்கம் தரும் ‘அவுட் ஆஃப் சார்ஜ்’ அனுமதி கிடைத்தாலும் நிற்காது, சரக்கை ஒப்படைக்கச் சொல்லிக் கப்பல் நிறுவனம் தரும் டெலிவரி ஆர்டரை வாங்கினாலும் நிற்காது, லாரி சி.எஃப்.எஸ். வாசலைத் தாண்டினாலும் நிற்காது. நிறுவனம் குறித்துக் கொடுத்த காலிப் பெட்டி யார்டுக்குள் பெட்டி நுழைந்து, பெட்டியை ஒப்படைத்ததற்கு அங்கே தரும் ஈ.ஐ.ஆர். எனும் சீட்டில் தேதி விழும்போதுதான் நிற்கும். ஞாயிறும் பண்டிகையும் பெரும்பாலும் கழியாது. கட்டணம் படிப்படியாக ஏறும், பெரும்பாலும் டாலரில் இருக்கும், நிறுவனம் சொல்லும் மாற்று விகிதத்தில் ரூபாயாகும்.

அடிக்கடி தகராறு வருவது இந்த யார்டு வாசலில்தான். ‘இடமில்லை, வேறு யார்டுக்குப் போ’ என்று லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். டிரைவர் போனில் சொல்வதோடு விட்டால் அந்த நாள் இறக்குமதியாளர் கணக்கில்தான் சேரும். அதே மணி நேரத்தில் லாரி எண், பெட்டி எண், யார்டின் பெயர் மூன்றையும் போட்டு முகமைக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தால் அந்த நாளைக் கழிக்கச் சொல்லி வாதாட ஒரு தாள் கையில் இருக்கும்.

என் பரிந்துரை: ‘பெட்டக மிகைநாள் வாடகை’.

கொழும்பு – மொழிபெயர்ப்பாளர்

வணக்கம். இலங்கையிலும் இதே குழப்பம்தான், எல்லாமே ‘தாமதக் கட்டணம்’.

‘மிகைநாள்’ எனக்குச் சம்மதமில்லை. மிகுநாள் ஆண்டு என்று லீப் வருடத்தைச் சொல்கிறோம், காதில் அதுதான் விழும். ‘வாடகை’யும் இங்கே பொருந்தாது. வாடகை என்றால் பேசி எடுத்த பொருளுக்குக் கொடுப்பது. இது, திருப்பித் தர வேண்டிய நாளில் தராததற்கு ஒப்பந்தத்திலேயே முன்கூட்டி எழுதி வைத்த தொகை. முற்றத்தில் நிற்கும் இடத்துக்குக் கொடுப்பதுதான் வாடகை, ஆகையால் மூன்றாவதற்குத் ‘தரை வாடகை’ என்றே வைக்கலாம்.

பெட்டகம் என்பதைவிடக் ‘கொள்கலன்’ இரு நாட்டுக்கும் பழக்கமான சொல். ஆனால் ‘கலன்’ என்று சுருக்கிவிட வேண்டாம். கலம் என்றால் கப்பலும்தான். ‘கலன் கட்டணம்’ என்று எழுதினால் தூத்துக்குடி அண்ணா சொன்ன நான்காவதும் ஐந்தாவதும் மறுபடி ஒன்றாகிவிடும்.

ஈரோடு – ரயில் சரக்குப் போக்குவரத்து

இருகூர், தண்டையார்பேட்டை போன்ற உள்நாட்டுக் கொள்கலன் முனையங்களுக்கு ரயிலில் போகும் சரக்கையும் கையேடு சொல்கிறது. அதனால் ஒரு சிக்கலை இங்கேயே தீர்த்துவிட வேண்டும்.

துறைமுகத்தில் டெமரேஜ் என்பது எடுக்காமல் விட்ட சரக்கின் மேல் விழுவது. வார்ஃபேஜ் என்பது துறைமேடையைக் கடக்கும் எல்லாச் சரக்குக்கும் உள்ள அடிப்படைக் கட்டணம், அதற்கும் தாமதத்துக்கும் தொடர்பே இல்லை. ரயில்வேயில் இது அப்படியே தலைகீழ். 1989 ரயில்வே சட்டத்தின் விளக்கப் பிரிவிலேயே இருக்கிறது: இலவச நேரம் தாண்டி வேகனை நிறுத்தி வைத்தால் டெமரேஜ், இலவச நேரம் தாண்டியும் சரக்கை ரயில்வே இடத்திலிருந்து எடுக்காவிட்டால் வார்ஃபேஜ். அதாவது துறைமுகம் டெமரேஜ் என்பதைத்தான் ரயில்வே வார்ஃபேஜ் என்கிறது. ஆங்கிலச் சொல்லுக்குச் சொல் என்று தமிழ் வைத்தால் இந்தக் குழப்பத்தையும் சேர்த்தே இறக்குமதி செய்துகொள்வோம்.

எது சும்மா நிற்கிறது என்று பார்த்துப் பெயர் வைப்போம். சரக்கு கிடந்தால் கிடப்பு. சரக்கைச் சுமக்கும் வண்டியோ கலமோ கொள்கலனோ காத்திருந்தால் சுணக்கம். அப்படியானால்:

துறைமுக டெமரேஜ், ரயில்வே வார்ஃபேஜ் இரண்டும் ‘சரக்குக் கிடப்புக் கட்டணம்’. ரயில்வே டெமரேஜ் ‘வேகன் சுணக்கக் கட்டணம்’. கப்பல் நிறுவனத்தின் டிடென்ஷன் ‘கொள்கலன் சுணக்கக் கட்டணம்’. மொத்தச் சரக்குக் கப்பலுக்குக் கொடுப்பது ‘கப்பல் சுணக்க ஈடு’. அது கட்டணமே அல்ல, ஒப்பந்தத்தில் நாளுக்கு இவ்வளவு என்று குறித்த இழப்பீடு, அதனால்தான் ஈடு. துறைமுக வார்ஃபேஜுக்குத் ‘துறைக்கூலி’ போதும்.

சென்னை – கப்பல் முகமை, இறக்குமதிப் பிரிவு

‘கொள்கலன் சுணக்கக் கட்டணம்’ நன்றாக இருக்கிறது, மிகைநாளை விட்டுவிடுகிறேன். ஒரே ஐயம்: சுணக்கம் என்பது பேச்சுச் சொல்லாகத் தோன்றாதா?

ஈரோடு – ரயில் சரக்குப் போக்குவரத்து

பேச்சில் இருப்பதால்தான் அம்மா விளக்கம் தேவைப்படாது. ‘வேலை சுணங்கிப்போச்சு’ என்று லாரி ஓட்டுநரும் சொல்கிறார், கணக்கரும் சொல்கிறார்.

தூத்துக்குடி – சுங்க முகவர்

எனக்குக் கிடப்பும் சுணக்கமும் முழுச் சம்மதம். கிடப்பு வேறு, சுணக்கம் வேறு என்ற இந்தப் பிரிப்பு சட்டத்திலும் அப்படியே பொருந்தி வருகிறது. இதைக் கையேட்டில் கொஞ்சம் விரித்தே எழுத வேண்டும், ஏனென்றால் பணம் மிஞ்சுவது இங்கேதான்.

சுங்கம் கைப்பற்றிய, தடுத்துவைத்த அல்லது பறிமுதல் செய்த சரக்குக்கு சி.எஃப்.எஸ். வாடகையோ டெமரேஜோ வாங்கக் கூடாது என்று 2009-ஆம் ஆண்டின் சுங்கப் பகுதிச் சரக்குக் கையாளுகை விதிகளில் 6(1)(எல்) சொல்கிறது. ஆனால் ‘வேறு சட்டங்களுக்கு உட்பட்டு’ என்ற சொற்கள் அதில் உண்டு. துறைமுகத்துக்கும் விமான நிலையத்துக்கும் தனிச் சட்டம் இருப்பதால், அங்கே இந்த விதியை மட்டும் நம்பி உட்கார முடியாது. சுங்கம் தடுத்துவைப்புச் சான்று கொடுத்திருந்தாலும் சரக்கைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவருக்கு டெமரேஜ் செலுத்தும் பொறுப்பு நீங்காது என்று 1995-இல் கிராண்ட் ஸ்லாம் இன்டர்நேஷனல் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது கிடப்பும் தரை வாடகையும்.

சுணக்கத்துக்கு விதியே வேறு: 2018-ஆம் ஆண்டின் கடல்வழிச் சரக்குப் பட்டியல் மற்றும் மாற்றேற்ற விதிகள், 10(1)(எல்). பில் ஆஃப் என்ட்ரியில் எழுதியதைச் சரிபார்க்கச் சுங்கம் சரக்கைத் தடுத்துவைத்து, எழுதியது சரி என்று தெரியவந்தால், அந்த நாட்களுக்குக் கப்பல் நிறுவனம் கொள்கலன் சுணக்கக் கட்டணம் கேட்கக் கூடாது. 60 நாள் தாண்டினால் தாண்டிய பகுதிக்குக் கேட்கலாம். ஆக ஒரே தடுத்துவைப்புக்கு இரண்டு விதி, இரண்டு விண்ணப்பம். ஒரு கடிதத்தை இருவருக்கும் நகல் போட்டு அனுப்பினால் இருவருமே ஒதுக்கி வைப்பார்கள்.

மதிப்பு பற்றியோ வகைப்பாடு பற்றியோ அதிகாரி கணினியில் கேள்வி எழுப்பி, நாம் ஒரு வாரம் பதில் போடாமல் இருந்தால் அது தடுத்துவைப்பு ஆகாது. சரக்கை நிறுத்தி வைத்ததற்கும் விடுவித்ததற்கும் தேதியோடு எழுத்துச் சான்று வேண்டும். அந்த இரண்டு தேதிக்கு இடைப்பட்ட நாட்களைத்தான் கழிக்கக் கேட்க முடியும்.

வழக்கு நீளும் என்று தெரிந்தால் சுங்கச் சட்டத்தின் 49-ஆம் பிரிவில் விண்ணப்பித்துச் சரக்கைப் பொதுக் கிடங்குக்கு மாற்றலாம். முதலில் 30 நாள் வரை அனுமதி. கொள்கலனைக் காலி செய்து திருப்பிவிட்டால் சுணக்கம் அன்றே நின்றுவிடும், கிடங்கு வாடகை மட்டும் மிஞ்சும். பெயர் பிரிந்திருந்தால்தான் இந்த வழி படிப்பவர் கண்ணில் படும்.

இன்னொன்று: கைப்பற்றலும் பறிமுதலும் ஒன்றல்ல. செய்தித்தாள்கள் இரண்டையும் பறிமுதல் என்றே எழுதுகின்றன. அதே சட்டத்தின் 110-ஆம் பிரிவில் அதிகாரி செய்வது கைப்பற்றல். அறிவிப்பு கொடுத்து, விளக்கம் கேட்டு, ஆணை போட்ட பிறகே பறிமுதல். கையேட்டில் இதை விட்டுவிடக் கூடாது.

கொழும்பு – மொழிபெயர்ப்பாளர்

‘ஃப்ரீ டேஸ்’ வரைவில் ‘சலுகை நாட்கள்’ என்று இருக்கிறது. கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் கிடைக்காது என்ற பொருள் வந்துவிடுகிறதே?

தூத்துக்குடி – சுங்க முகவர்

உண்மைதான். ‘கட்டணமில்லா நாட்கள்’ என்று மாற்றிவிடுவோம். சரக்கு ஏறும் முன்பே பேசிக் கூடுதலாக வாங்குவதை மட்டும் சலுகை நாள் எனலாம். அந்தக் கூடுதல் நாள் பில் ஆஃப் லேடிங்கிலோ (சரக்கை ஏற்றதற்குக் கப்பல் நிறுவனம் தரும் ஆவணம்) நிறுவனத்தின் மின்னஞ்சலிலோ எழுத்தில் இல்லையென்றால், இங்கே முகமையின் கணினியில் பொதுவான நாள்தான் விழும்.

கப்பல் நிறுவனத்துக்கான மாதிரி விண்ணப்ப வாக்கியம் இப்படி இருக்கட்டும்: ‘மேற்படி கொள்கலன் சுங்கத்தால் தடுத்துவைக்கப்பட்ட ___ முதல் ___ வரையிலான நாட்களுக்குக் கொள்கலன் சுணக்கக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம். தடுத்துவைப்பு ஆணை, விடுவிப்பு ஆணை, பில் ஆஃப் என்ட்ரி, ஈ.ஐ.ஆர். சீட்டு ஆகியவற்றின் நகல்கள் இணைக்கப்பட்டுள்ளன.’ சி.எஃப்.எஸ்.-க்கான வாக்கியத்தில் ‘தரை வாடகை’ என்று மாறும், ஈ.ஐ.ஆர். சீட்டுக்குப் பதில் சி.எஃப்.எஸ். வாசல் நுழைவுச் சீட்டு வரும்.