எம்.எம்.ஏ. (கலப்புத் தற்காப்புக்கலை) ஸ்கோர்: மூணு ஜட்ஜோட தாளையும் கூட்டினா 83–83. யாருக்கு ஜெயம்?

மார்த்தாண்டம்_கார்னர்:
ஜிம்முக்குள்ள நடந்த பயிற்சிப் போட்டி, 3 ரவுண்டு, சிவப்பு மூலைக்காரனுக்கும் நீல மூலைக்காரனுக்கும். ஜட்ஜுமாரு: மல்யுத்தக் கோச், டேக்வாண்டோ மாஸ்டர், அடிமுறை ஆசான்.

ரவுண்டு 1: சிவப்பு மூணு தடவை காலைப் பிடிச்சு மறிச்சான். மேலயே கிடந்தான், அடி ஒண்ணும் விழல. நீலம் கீழ கிடந்தபடியே கில்லட்டின் (கழுத்தை நெரிக்கிற பிடி) போட்டு இறுக்கினான், சிவப்பு கஷ்டப்பட்டுத்தான் தலையை உருவினான்.
ரவுண்டு 2: சந்தேகமே இல்ல, சிவப்பு 10–9 (ரவுண்டை ஜெயிச்சவனுக்கு 10, மத்தவனுக்கு 9).
ரவுண்டு 3: நீலம் குத்தி ரெண்டு தடவை கீழ தள்ளிட்டான். சிவப்பு திருப்பி அடிக்கவே இல்ல. நடுவுல நீலம் கூண்டுக் கம்பியைப் பிடிச்சதுக்கு ரெஃப்ரி 1 பாயிண்ட் வெட்டினாரு.

தாள்கள்: மல்யுத்தம் 28–27 சிவப்பு, டேக்வாண்டோ 28–27 நீலம், ஆசான் 28–28. கூட்டினா ரெண்டு பக்கமும் 83. இன்னொரு ரவுண்டு விடணுமா?

தக்கலை_தாள்:
கூட்டவே கூடாது. ஒரு தாள் ஒரு ஓட்டு. ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம், ஒண்ணு சமம்: இதுக்குப் பேரு ஸ்ப்ளிட் டிரா. யூனிஃபைட் ரூல்ஸ்ல (எம்.எம்.ஏ.வோட பொது விதிகள்) கூடுதல் ரவுண்டு கிடையாது. டிரா வேண்டாம்னா போட்டிக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்.

கூட்டினா என்ன கெடும்னு பாருங்க. ரெண்டு பேரு 29–28 சிவப்பு, ஒருத்தர் 30–26 நீலம். கூட்டினா நீலம் 86, சிவப்பு 84. ஆனா ஜெயிச்சது சிவப்பு, ஸ்ப்ளிட் டெசிஷன் (ரெண்டுக்கு ஒண்ணு தீர்ப்பு).

நாஞ்சில்_கிராப்ளர்:
கோளாறு ரவுண்டு 1-ல இருக்கு. மல்யுத்தக் கண்ணுக்கு டேக்டவுன்னா, அதாவது எதிராளியை மறிச்சுக் கீழ போட்டா, பாயிண்ட். இங்க அப்படி எண்ணவே மாட்டாங்க. முதல்ல பாக்க வேண்டியது அடியும் பிடியும் எவ்வளவு பலிச்சுதுன்னு. அதுல ரெண்டு பேரும் சரிசமம்னாத்தான் யாரு முன்னேறிப் போய் பலன் எடுத்தான்னு பாக்கணும். அதுவும் சமம்னாத்தான் கூண்டுக்குள்ள யாரு கட்டுப்பாடு. மூணாவது படி வரைக்கும் இறங்குறது அபூர்வம்.

மார்த்தாண்டம்_கார்னர்:
அப்ப மூணு நிமிஷம் மேல கிடந்ததுக்கு ஒண்ணும் இல்லியா அண்ணே?

நாஞ்சில்_கிராப்ளர்:
மறிச்ச பிறகு குத்தோ, மூட்டுப் பூட்டோ, சோக்கோ (கழுத்து நெரிப்பு) வந்தா மதிப்பு. வெறுமனே படுத்துக் கிடந்தா சும்மா பாரம். சண்டையை முடிக்கப் பக்கத்துல போனது கீழ இருந்தவன், அதனால நீலம் 10–9. இன்னொண்ணு: தப்பிச்சதுக்கு மார்க் இல்ல. சோக்குல இருந்து தலையை உருவினது திறமைதான், ஆனா ஸ்கோர் எதிராளிக்கு.

வேர்க்கிளம்பி_கிளவுஸ்:
ரவுண்டு 3-க்கு ஆசான் 10–9 போட்டிருக்காரு, அதான் வெட்டின பிறகு 9–9 ஆயிட்டு. 10–8 போடப் பயப்படக் கூடாது. 2017 ஜனவரில இருந்து அளவுகோல் தெளிவாத்தான் இருக்கு: அடியோட பாதிப்பு, ஒருதலையான ஆதிக்கம், அது நீடிச்ச நேரம். ரெண்டு தடவை விழுந்து, திருப்பி ஒண்ணும் பண்ணலன்னா அது 10–8 தான். வெட்டினா 9–8.

இப்பக் கூட்டுங்க: நீலம் 10+9+9=28, சிவப்பு 9+10+8=27. மூணு தாளும் இப்படி வந்திருந்தா நீலம் ஏகமனதா ஜெயிச்சிருப்பான். பழைய முடிவை இனி மாத்த வேண்டாம், அது வேற வம்பு.

குளச்சல்_மணி:
"மொத்தத்துல யாருக்கு அடி ஜாஸ்தி"ன்னு ஆசான் பாத்திருந்தா அதுவும் தப்பு. 2013-ல யூ.எஃப்.சி.ங்கிற எம்.எம்.ஏ. நிறுவனத்தோட 167-வது நிகழ்ச்சி, செயின்ட் பியர்–ஹெண்ட்ரிக்ஸ் அஞ்சு ரவுண்டுச் சண்டையில செயின்ட் பியர் முகம் வீங்கிப் போச்சு, ஆனாலும் 48–47 ரெண்டு தாளு அவருக்கு. தாளுங்க பிரிஞ்சது முதல் ரவுண்டுலதான். ரவுண்டு ரவுண்டாத்தான் கணக்கு. பழைய பிரைடு (ஜப்பான் எம்.எம்.ஏ. அமைப்பு) போட்டிகள்லதான் சண்டையை முழுசா எடைபோடுவாங்க.

அடுத்த தடவை ஜட்ஜுமாரை கூண்டோட மூணு பக்கத்துல தனித்தனியா உக்கார வைங்க. ஒரே பெஞ்சுன்னா பேச்சு வந்திரும். மணி அடிச்ச உடனே எழுதி, ஒரு நிமிஷ இடைவேளைக்குள்ள தாளை வாங்கிருங்க. கையில இருந்தா மூணாவது ரவுண்டைப் பாத்துட்டு முதல் ரவுண்டைத் திருத்துவாங்க.

பாயிண்ட் வெட்டுறது ரெஃப்ரி மட்டும். ஜட்ஜ் வெட்டாத ஸ்கோரை எழுதட்டும், டெஸ்க்குல ஒருத்தர் கழிக்கட்டும். ரெண்டு பேரும் கழிச்சா 10–8 வந்து 8–8 ஆயிரும். ஆசானோட தாள்ல முதல்ல என்ன எழுதியிருந்துதுன்னு ஒரு தடவை பாருங்க.

மார்த்தாண்டம்_கார்னர்:
பாத்தேன். 10–9 தான். டெஸ்க்குல ஒரு தடவைதான் கழிச்சிருக்கு.