விழுந்து எழுவதற்கு நூறு வருட ஆயுளா?

குறுக்குச்சால்:
லாரல்-ஹார்டி, பஸ்டர் கீட்டன், சாப்ளின் ஆகியோரின் பழைய அமெரிக்க நகைச்சுவைக் குறும்படங்களைக் 'காலத்தை வென்றவை' என்று எழுதும் வழக்கத்தை இனி நிறுத்திக்கொள்ளலாம் என்பது என் கட்சி. ஒருவன் வழுக்கி விழுகிறான். அவனைத் தூக்கப் போகிறவனும் விழுகிறான். கைபேசியில் பத்து விநாடியில் கிடைக்கும் இந்தச் சமாசாரத்துக்கு இருபது, முப்பது நிமிடம் எதற்கு?

எல்லோரும் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடும் லாரல்-ஹார்டியின் 'தி மியூசிக் பாக்ஸ்' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பேர் ஒரு பியானோப் பெட்டியை நீளமான படிக்கட்டில் ஏற்றுகிறார்கள். அது கீழே போய்விடுகிறது. திரும்ப ஏற்றுகிறார்கள். திரும்பவும் கீழே போகிறது. 1932இல் நகைச்சுவைக் குறும்படத்துக்கு முதன்முதலாக ஆஸ்கர் விருது கொடுத்தபோது இதற்குத்தான் கொடுத்தார்கள். அதற்காக இன்றும் நான் சிரித்தாக வேண்டுமா?

ரீல்பெட்டி:
சிரித்தாக வேண்டியதில்லை ஐயா. ஆனால் 'திரும்பவும் கீழே போகிறது' என்று ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டீர்களே, அங்கேதான் வழக்கு. பெட்டி ஒவ்வொரு முறையும் வேறு காரணத்துக்காகக் கீழே போகிறது. முதலில், குழந்தை வண்டியோடு இறங்கி வரும் ஒரு தாதிக்கு வழிவிடப் போய்க் கைநழுவுகிறது. அடுத்த முறை போலீஸ்காரர். அவர் கீழே நின்றுகொண்டு கூப்பிடுகிறார். லாரல் இறங்கிப் போகிறார். 'நீ இல்லை, அந்த இன்னொருவனைக் கூப்பிடு' என்கிறார் போலீஸ்காரர். ஹார்டியும் இறங்கிப் போய் உதை வாங்குகிறார். இருவரும் கீழே நிற்கிறார்கள் என்றால் மேலே பெட்டியைப் பிடித்துக்கொண்டிருப்பது யார்? இந்தக் கேள்வி பார்ப்பவருக்கு முதலில் உதிக்கிறது, அவர்களுக்குப் பிறகு உதிக்கிறது. அந்த இடைவெளிக்குள்தான் சிரிப்பு வருகிறது. பெட்டி உருள்வது அதன் ரசீது மட்டுமே.

கடைசியில் எப்படியோ மேலே கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறார்கள். அப்போது தபால்காரர் வந்து, 'அந்தப் பக்கம் சாலை இருக்கிறதே, வண்டியிலேயே கொண்டுவந்திருக்கலாமே' என்கிறார். உடனே இருவரும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அத்தனை படியும் இறங்கி, வண்டியில் ஏற்றி, சாலை வழியாக மேலே வருகிறார்கள். படத்தின் பெரிய சிரிப்பு இதுதான் என்பேன். வழுக்கலும் இல்லை, உருளலும் இல்லை. உங்கள் பத்து விநாடிக் காட்சியில் இதை எப்படி அடைப்பீர்கள்?

அந்தப் படிக்கட்டு லாஸ் ஏஞ்சலஸின் சில்வர் லேக் பகுதியில் இன்னும் இருக்கிறது. மொத்தம் 133 படிகள்.

சாமான்வண்டி:
நான் சினிமா படித்தவன் இல்லை. வீட்டுச் சாமான்களை இடம் மாற்றிக் கொடுக்கும் தொழில் செய்கிறேன். படிக்கட்டில் பாரம் ஏற்றும்போது கீழே நிற்பவன் மீதுதான் சுமை அதிகம் இறங்கும் என்பது எங்களுக்கு முதல் பாடம். அதனால் அந்தப் படத்தை எங்கள் ஆட்கள் பார்க்கும்போது, மற்றவர்கள் சிரிப்பதற்கு முன்பே 'ஐயோ' என்பார்கள்.

தபால்காரர் கதையைக் கற்பனை என்று நினைக்காதீர்கள். ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் இரட்டைக் கதவுக் குளிர்சாதனப் பெட்டியை நான்காவது மாடிக்குத் தோளில் ஏற்றினோம். வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது காவலாளி நிதானமாக வந்து, 'பின்பக்கம் சரக்கு லிஃப்ட் இருக்கிறதே' என்றார். எங்களோடு வந்திருந்த ஒரு பையன் சட்டென்று பெட்டியின் அடியில் கையைக் கொடுத்துவிட்டான், கீழே இறக்குவதற்கு! மூன்று பேர் சேர்ந்து அவனைத் தடுத்தோம். உழைத்துக் களைத்தவன் மூளை அப்படித்தான் வேலை செய்யும். அதை யாரோ அமெரிக்காவில் எனக்கு முன்பே கவனித்து வைத்திருக்கிறார்கள்.

குறுக்குச்சால்:
சாமான்வண்டி அவர்களே, உங்கள் பதிவுக்கு நான் வாய்விட்டுச் சிரித்தேன், படத்துக்குச் சிரித்ததைவிட அதிகமாக. உங்கள் தொழில் கடினமானது என்று அதிலிருந்து தெரிகிறது. படம் சிறந்தது என்று தெரியவில்லை.

இரண்டு கேள்விகளுக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒன்று, நீங்கள் எல்லோரும் பொறுக்கி எடுத்த சில படங்களை வைத்துக்கொண்டு ஒரு வகையையே தூக்கிப் பிடிக்கிறீர்கள். மாக் சென்னட் 1912இல் கீஸ்டோன் என்ற நகைச்சுவைப் பட நிறுவனத்தைத் தொடங்கிய பிறகு அங்கிருந்து வந்து குவிந்தவற்றில் எத்தனை இன்று உட்கார்ந்து பார்க்கும்படி இருக்கின்றன? த்ரீ ஸ்டூஜஸ் என்ற நகைச்சுவை மூவர் கொலம்பியா நிறுவனத்துக்காக 1934 முதல் 1959 வரை 190 குறும்படங்கள் செய்தார்கள். கண்ணில் விரலால் குத்துவதும் கன்னத்தில் அறைவதும் எத்தனை முறை?

இரண்டாவது கேள்வி கசப்பானது. கீட்டனின் 'தி பிளேஹவுஸ்' (1921) படத்தில் வெள்ளையர் முகத்தில் கரி பூசி ஆடும் கறுப்பர் வேடக் கூத்து வருகிறது. எளியவர்களைக் கேலி செய்தே பிழைத்த கலைக்கு ஏன் சாமரம் வீசுகிறீர்கள்? அந்தப் பியானோப் படத்தில் வரும் தாதியையும்தான் லாரல் பின்புறம் உதைக்கிறார்.

தாழை:
தாதியைப் பற்றிப் பாதிதான் சொன்னீர்கள். உதைபட்ட பெண் அழுதுகொண்டு போகவில்லை. லாரலுக்கு ஒரு குத்து விடுகிறாள். அதைப் பார்த்துச் சிரித்த ஹார்டியின் தலையில் பால் புட்டியை உடைக்கிறாள். பிறகுதான் போலீஸுக்குப் போகிறாள். அந்தப் படத்தில் நிமிர்ந்து நடந்து போகும் ஒரே ஆள் அவள்தான்.

கரி பூசிய வேடத்துக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். அது அன்றும் இழிவுதான், இன்றும் இழிவுதான். 'அந்தக் காலம் அப்படி' என்று ரீல்பெட்டி ஐயா வந்து மழுப்பினால் அவரோடும் சண்டை போடுவேன். ஆனால் அடி யாருக்கு விழுகிறது என்று படம் படமாகப் பார்க்க வேண்டும். சாப்ளினின் 'தி இமிகிரன்ட்' (1917) படத்தில் கப்பல் நியூயார்க்கை நெருங்குகிறது. எல்லோரும் சுதந்திரதேவி சிலையைப் பார்த்து நெகிழ்ந்து நிற்கிறார்கள். அடுத்த நிமிடமே அதிகாரிகள் வந்து, வந்தவர்களை மந்தையைப் போலக் கயிற்றுக்குப் பின்னால் தள்ளி அடைக்கிறார்கள். சாப்ளின் தலையைத் திருப்பி அந்தச் சிலையை இன்னொரு முறை பார்க்கிறார். பிறகு வாய்ப்புக் கிடைத்ததும் ஓர் அதிகாரியின் பின்புறத்தில் ஓர் உதை. அந்த உதைக்கு நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சிரிப்பேன்.

ஸ்டூஜஸ் விஷயத்தில் குறுக்குச்சால் பக்கம்தான் நானும். தலைவலி.

ரீல்பெட்டி:
மழுப்பப் போவதில்லை அம்மா.

குப்பை அதிகம் என்பது உண்மை. வாரப் பத்திரிகைக் கதைகளில் குப்பை இல்லையா? அதற்காகச் சிறுகதை என்ற வடிவத்தையே யாரும் மூட்டை கட்டி வைக்கவில்லை.

பத்து விநாடிக் காணொளியில் விழுகிறவருக்கு முன்கதையும் கிடையாது, பின்கதையும் கிடையாது. கீட்டனின் 'ஒன் வீக்' (1920) பாருங்கள். புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாக வந்திறங்கும் வீட்டைத் தாங்களே கட்டிக்கொள்ளும் பரிசு கிடைக்கிறது. பெண்ணை அடையத் தோற்றவன் பெட்டிகளின் எண்களை மாற்றிவிடுகிறான். வீடு கோணல்மாணலாக எழும்புகிறது. புயலில் பம்பரம்போல் சுற்றுகிறது. சுழலும் மேடை மீது நிஜமாகவே ஒரு வீட்டைக் கட்டி அதைச் செய்தார்கள். பிறகு தவறான மனையில் கட்டிவிட்டது தெரிந்து, ரயில் பாதையைத் தாண்டி இழுத்துப் போகிறார்கள். வீடு தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. இருவரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று மூச்சு விடுகிற நேரத்தில் எதிர்த்திசையிலிருந்து இன்னொரு ரயில் வந்து வீட்டைச் சுக்குநூறாக்குகிறது. கீட்டன் 'விற்பனைக்கு' என்ற அட்டையை அந்தக் குவியலின் மேல் வைத்து, கட்டும் முறை அச்சிட்ட தாளையும் கூடவே வைத்துவிட்டு நடக்கிறார்.

இதில் கேமரா தள்ளி நின்று எல்லாவற்றையும் ஒரே சட்டகத்தில் (ஃபிரேமில்) காட்டுகிறது. ஏமாற்ற இடமே இல்லை, ஆனாலும் இரண்டாவது ரயிலில் ஏமாந்துபோகிறோம்.

இன்னொன்று. பலர் இந்தப் படங்களை வெறும் 'வெடுக் வெடுக்' ஓட்டமாக நினைப்பதற்குக் காரணம் பிற்காலத்து அவசரம். மௌனப் படங்களைக் கையால் சுழற்றும் கேமராவில், பெரும்பாலும் விநாடிக்கு 24 சட்டகத்துக்கும் குறைவாக எடுத்தார்கள். கொஞ்சம் வேகம் வேண்டுமென்றே வைத்ததும் உண்டு. பின்னால் எல்லாவற்றையும் 24இல் ஓட்டியபோது மனிதர்கள் பொம்மைகளாகிவிட்டார்கள். சரியான வேகத்தில் சீரமைத்த பிரதியில் பாருங்கள், கீட்டன் முகத்தில் யோசனை ஓடுவது தெரியும்.

குறுக்குச்சால்:
இரண்டாவது ரயில் நல்ல வேலைப்பாடு. மறுக்கவில்லை. ஆனால் அதை விளக்க நீங்கள் எடுத்துக்கொண்ட நீளத்தைப் பாருங்கள்! விளக்கவுரை இல்லாமல் இன்றைய பிள்ளைகளிடம் இவை செல்லாது என்பதுதான் என் சந்தேகம். என் மகனுக்குப் பதினொரு வயது. கரி வேடம் இல்லாத, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து உரை சொல்லத் தேவையில்லாத சில படங்களைச் சொல்லுங்கள்.

ரீல்பெட்டி:
ஒன் வீக், தி மியூசிக் பாக்ஸ், சாப்ளினின் தி ரிங்க் (1916), ஈஸி ஸ்ட்ரீட் (1917), லாரல்-ஹார்டியின் பிக் பிசினஸ் (1929). கடைசியில் சொன்னதை முதலில் போடுங்கள். வெயில் காயும் கலிபோர்னியாவில் கிறிஸ்துமஸ் மரம் விற்கப் போன இருவர், வாங்க மறுத்தவரின் வீட்டை இடிக்கிறார்கள். அவர் இவர்களின் காரைப் பிய்க்கிறார். முறை வைத்து, ஒருவர் உடைக்கும்போது மற்றவர் குறுக்கிடாமல் நின்று பார்க்கிறார்.

குறுக்குச்சால்:
ஈஸி ஸ்ட்ரீட்டா? போதை ஊசி மேல் தெரியாமல் உட்கார்ந்து, அதனால் பலம் வந்து, ரவுடிகளை எல்லாம் அடித்துத் துவைக்கும் போலீஸ்காரர் வரும் படத்தைப் பதினொரு வயதுப் பையனுக்குச் சிபாரிசு செய்கிறீர்கள். பேஷ்!

தாழை:
ஐயா பார்த்திருக்கிறாரே! அதுவும் ஊசி வரைக்கும் ஞாபகம் இருக்கும்படி.

குறுக்குச்சால்:
பார்க்காமல் எதிர்ப்பது என் வழக்கம் இல்லை அம்மா. பையனுக்கு பிக் பிசினஸ் மட்டும் போட்டுக் காட்டுகிறேன். வீட்டில் ஏதாவது உடைந்தால் பில் ரீல்பெட்டிக்கு வரும்.