படத்தைக் கழற்றினால்தான் பெயின்ட்: சேலத்து வீட்டுச் சுவர்கள்

குகை பெயின்டர்:
சேலம் குகைப் பகுதியில் பெயின்டர் நான். எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாலும் முதலில் சுவரில் மாட்டியிருப்பதைக் கழற்ற வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தில் வீட்டு ஆட்கள் யார் என்று ஓரளவு பிடிபட்டுவிடும்.

பழைய ஓட்டு வீடுகளில் படத்தைச் சுவரோடு ஒட்டி மாட்ட மாட்டார்கள். கீழே இரண்டு ஆணி, மேலே கயிறு, படம் முன்பக்கம் சாய்ந்து நிற்கும். பின்னால் பல்லி முட்டை, கரண்ட் பில், சில வீடுகளில் அடகுச் சீட்டுகூட இருக்கும்.

சாமி படம் சாதாரண வீட்டுக்கு வந்ததே அச்சு வந்த பிறகுதான். ஓவியர் ரவிவர்மா பம்பாயில் 1894-இல் அச்சகம் தொடங்கினார். அப்புறம் கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த தெய்வங்கள் காலண்டராக அச்சாகி ஊர் ஊராகப் போயின. செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டில் அப்படி ஒரு காலண்டர் முருகன். தேதித்தாள் போய் எத்தனையோ வருஷம். படத்தை மட்டும் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். அடியில் மளிகை மண்டியின் பெயர் அப்படியே இருந்தது. "இதை வெட்டிட்டு பிரேம் போட்டிருக்கலாமே பாட்டி" என்றேன். "குடுத்தவங்க பேரை வெட்டுனா நல்லாவா இருக்கும்?" என்றார். முருகனுக்கு எவ்வளவு மரியாதையோ, அதே அளவு மண்டிக்கும்.

சண்டை வருவதெல்லாம் திருப்பி மாட்டும்போதுதான். புது வீட்டுப் பிள்ளைகளுக்குப் பட்டி பார்த்த சுவரில் ஓட்டை விழக் கூடாது. தாத்தா படம் பரணுக்குப் போகிறது, அந்த இடத்தில் ஆன்லைனில் வாங்கிய புத்தர் முகம். ஒரு அம்மா மட்டும் பிடிவாதமாக, "அவர் கட்டுன வீட்டுல அவருக்கு ஒரு ஆணிக்கு எடம் இல்லையா?" என்று கேட்டார். மகன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார், நான் டிரில்லரை எடுத்தேன். புத்தர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் பத்து வீட்டில் ஒரே புத்தர் இருந்தால் எது யார் வீடு என்று எப்படித் தெரியும்?

அம்மாப்பேட்டை நெசவு வீடு:
எங்கள் வீட்டில் தறி போக மிச்சமிருந்த சுவர் கொஞ்சம்தான். அதில் நடனகோபால நாயகி சுவாமிகள் படம். 1843-இல் மதுரையில் பிறந்த, எங்கள் சௌராஷ்டிர சமூகத்து மகான். பெருமாளை நாயகனாகவும் தன்னை நாயகியாகவும் நினைத்துப் பாடியவர், அதனால் பெண் கோலம். பள்ளித் தோழிகள் "இந்தப் பாட்டி யாருடி?" என்று கேட்பார்கள். அதுவே சௌராஷ்டிரம் பேசும் வீட்டுப் பெண் வந்தால் கேள்வியே இல்லை. செருப்பைக் கழற்றும்போதே பேச்சு எங்கள் மொழிக்கு மாறிவிடும். தறி போய்விட்டது, படம் இருக்கிறது.

ஏற்காடு:
அப்பா காபி எஸ்டேட்டில் வேலை பார்த்தார். பங்களா ஹாலில் காட்டெருமைத் தலை, தொழிலாளர்களுக்கான லைன் வீட்டில் எங்கள் சுவர் முழுக்கப் பழைய பேப்பர். அழகுக்கு இல்லை, குளிருக்கு ஒட்டியது. நான் எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றதே அதில்தான். அதற்கு மேல் மாரியம்மன், சேர்வராயன் கோயில் திருவிழாவில் எடுத்த குடும்ப போட்டோ. மலை ஈரத்தில் போட்டோவில் வெள்ளைப் பூஞ்சை படர்ந்து சித்தப்பா முகமே போய்விட்டது. 1972 வனவிலங்குச் சட்டத்துக்குப் பிறகு பங்களாவில் இருந்த காட்டெருமைத் தலை மாதிரியானதை இஷ்டத்துக்கு வைத்திருக்க முடியாது, பதிவுச் சான்று வேண்டும், விற்கவும் கூடாது. பங்களா இப்போது ரிசார்ட். அதே இடத்தில் பைபரில் செய்த தலை மாட்டியிருக்கிறார்கள், வருகிறவர்கள் செல்பி எடுக்கிறார்கள். எஸ்டேட்டில் உழைத்தவர்கள் போட்டோ ஒன்றுகூட அங்கே இல்லை.

குகை பெயின்டர்:
ஏற்காடு நண்பருக்கு: மிச்சம் இருக்கும் போட்டோவை முதலில் ஸ்கேன் செய்து வையுங்கள். பிரேமுக்குப் பின்னால் நாலு மூலையிலும் பழைய ரப்பர் செருப்பை வெட்டி ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் நடுவில் காற்று போகும், ஈரம் அவ்வளவு சீக்கிரம் ஏறாது.