புதுப்பிப்பு: மகனுக்கு நாய்க்கடி, எதிர்ப்பொருள் ஊசி போட்டாயிற்று

போன வாரம் கேட்டிருந்தேன்: பினாங்கு ஆயர் ஈத்தாமில் எங்கள் ஃபிளாட்டின் கீழே தெருநாய் மகனின் கெண்டைக்காலைக் கடித்துவிட்டது, முதலில் போன கிளினிக்கில் ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி மட்டும் போட்டார்கள், அது போதுமா என்று.

போதாது. ரத்தம் வந்த கடி மூன்றாம் வகை, அதாவது மிகக் கடுமையானது. தடுப்பூசி போட்டபின் உடம்பு தானாக எதிர்ப்பொருள் உருவாக்க ஏழு, பத்து நாள் ஆகும். அதுவரை காயத்திலேயே கிருமியைத் தடுக்கத்தான் இமியூனோகுளோபுலின் என்ற ஆயத்த எதிர்ப்பொருள் ஊசி. முதல் தடுப்பூசியிலிருந்து 7 நாளுக்குள் போடலாம் என்று இங்கே ஓர் அக்கா எழுதியதைப் பார்த்து, மூன்றாம் நாளே பெரிய மருத்துவமனைக்கு ஓடினோம். அக்காவுக்கு ரொம்ப நன்றி.

கிலோவுக்கு 20 யூனிட், இவன் 24 கிலோ, ஆக 480. கையிலோ இடுப்பிலோ போடுவார்கள் என்று நினைத்திருந்தேன். இல்லை, இரண்டு பல் பதிந்த குழிகளுக்குள்ளும் சுற்றிலும் மெல்ல மெல்ல ஏற்றினார்கள். தோல் வெளுத்து உப்பியது. பிள்ளை என் கட்டைவிரலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "முடிஞ்சிருச்சாப்பா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

கடித்தவுடன் சோப்புப் போட்டுக் குழாயடியில் 15 நிமிடம் கழுவினோமா என்றும் டாக்டர் கேட்டார். நல்லவேளை, அம்மா கழுவிவிட்டிருந்தார். மஞ்சள் வைக்கலாம் என்ற பக்கத்து வீட்டு ஆன்ட்டியையும் தடுத்துவிட்டாராம்.

2015-இல் பினாங்கில் நாய்களிடம் ரேபிஸ் பரவியது பலருக்கு நினைவிருக்கும். மகனைக் கடித்த நாய் இன்னும் அகப்படவில்லை. ஏழாம் நாள் ஊசியும் முடிந்தது, அடுத்தது 14ஆம் நாள். காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறான்.