டாகர்ஃபால்: டஞ்சன்ல இருந்து வெளிய வர முடியல, அவசரம்

பொழுதுபோக்கன் | இரவு 10:47
வணக்கம். டாகர்ஃபால்ங்கிற பழைய கம்ப்யூட்டர் ஆட்டத்துல, ஒரு டஞ்சன்ல (நிலவறை) மாட்டிக்கிட்டேன். கொல்லச் சொன்னதைக் கொன்னாச்சு, வெளிய போற வழிதான் கிடைக்கல. ரெண்டு மணி நேரமா சுத்துறேன், சுத்திச் சுத்தி வந்த இடத்துக்கே வரேன். குவெஸ்டுக்கு (ஆட்டத்துல கொடுத்த வேலை) இன்னும் 3 நாள்தான் பாக்கி. சீக்கிரம் சொல்லுங்க ப்ளீஸ், காலைல வேலைக்குப் போகணும்.

எலும்புக்கூடு | 10:52
பழைய டாஸ் ஆட்டமே டாஸ்பாக்ஸ்ல ஓடுதா, இல்ல புது வடிவம் யூனிட்டியா? எந்த டஞ்சன்? கேரக்டர் என்ன கிளாஸ், வீரனா மந்திரவாதியா?

மணி_486 | 10:55
வாய்டுல விழுந்திருப்பீங்க. சுத்தி கருப்பா இருக்கா? தரைக்கும் சுவருக்கும் நடுவுல இருக்கிற இடுக்கு வழியா ஆள் நழுவி டஞ்சனுக்கு வெளிய போயிடுவான், பழைய பிரச்சினை. 1.07.213 பேட்ச் போட்டிருந்தா ஆல்ட் + எஃப்11 அழுத்துங்க, விழுறதுக்கு முன்னாடி நின்ன இடத்துக்கே கொண்டுவந்து விட்டுடும்.

டாஸ் தாத்தா | 11:01
"மாட்டிக்கிட்டேன்" என்றால் என்ன தம்பி? கிணற்றிலா, சந்திலா? எதையும் சொல்லாமல் அவசரம் மட்டும் சொன்னால் நாங்கள் குறி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். 1996ல் இந்த ஆட்டம் வந்தபோது நாங்கள் யாரையும் கேட்கவில்லை. இடது கையைச் சுவரில் வை. எடுக்காமல் நட. வாசல் வரும். அவ்வளவுதான்.

நிலவறை நிலா | 11:06
தாத்தா, அந்த விதி காகிதத்துல வரைஞ்ச புதிருக்குச் சரி. இங்க டஞ்சன் மேலயும் கீழயுமா அடுக்கடுக்கா போகும். ஒரு குழியில விழுந்துட்டா, சுவரைப் பிடிச்சுக்கிட்டு கீழ்த்தளத்தையே விடிய விடியச் சுத்த வேண்டியதுதான். நடுவுல வேற இடத்துக்குத் தூக்கிப் போடுற டெலிபோர்ட்டர் ஒண்ணைத் தொட்டுட்டா கை எந்தச் சுவர்ல இருந்துச்சுன்னே தெரியாது.

பொழுதுபோக்கன், வரும்போது எங்கயாவது மேல இருந்து விழுந்தீங்களா?

ரகசியக்கதவு | 11:09
கண்டிப்பா ரகசியக் கதவுதான். முட்டுச்சந்துன்னு தெரியுற எல்லாச் சுவரையும் கிளிக் பண்ணிக்கிட்டே போங்க. எனக்கு எப்பவும் அதுதான் விடை.

எலும்புக்கூடு | 11:10
உனக்கு எல்லாக் கேள்விக்கும் அதுதானே விடை. போன வாரம் ஒருத்தர் சவுண்ட் வரலன்னு கேட்டதுக்கும் ரகசியக் கதவுன்ன.

பொழுதுபோக்கன் | 11:24
மன்னிக்கணும், சாப்பிடப் போயிட்டேன். யூனிட்டிதான். கருப்பா எல்லாம் இல்ல, கல் சுவர்தான். டஞ்சன் பேரு "ரூயின்ஸ் ஆஃப்"னு ஆரம்பிக்கும், மிச்சம் ஞாபகம் இல்ல. ஆமா, விழுந்தேன். நடைபாதை நடுவுல குழி இருந்துச்சு. கீழ ஒரு பூட்டின கதவு இருக்கு, அதுக்குப் பின்னாடி எலும்புக்கூடு கத்துது (உங்களைச் சொல்லல ப்ரோ). அதுதான் வழின்னு நினைக்கிறேன். ஒரு தடவை பூட்டைத் திறக்கப் பார்த்தேன், முடியல. இப்ப எத்தனை தடவை கிளிக் பண்ணாலும் அசையல.

டாஸ் தாத்தா | 11:27
"ரூயின்ஸ் ஆஃப்" என்று ஆரம்பிக்கிற டஞ்சன் அந்த வரைபடத்தில் எத்தனை இருக்கிறது தெரியுமா? "முருகன் கோயிலுக்குப் பக்கத்து வீடு" என்று விலாசம் சொல்வது போல இருக்கிறது.

நிலவறை நிலா | 11:31
பூட்டை ஒரு தடவை திறக்க முயற்சி பண்ணித் தோத்துட்டா, லாக்பிக்கிங் திறமை ஏறுற வரைக்கும் அதே பூட்டை மறுபடி தொட முடியாது. ஆனா கதவை உடைக்கலாம். எதிரியை வெட்டுற மாதிரியே வலது பட்டனைப் பிடிச்சு மவுஸை இழுத்துக் கதவை வெட்டிக்கிட்டே இருங்க, எப்பவாவது ஒரு அடியில திறந்துக்கும். உடனே அந்தக் கத்துறது வெளிய வரும், தயாரா இருங்க.

இன்னொண்ணு: குழியோட சுவரை ஒட்டி முன்னாடி நடந்துக்கிட்டே இருந்தா ஏற ஆரம்பிக்கும். கிளைம்பிங் (ஏறுற திறமை) எவ்ளோ இருக்கு?

பொழுதுபோக்கன் | 11:36
ஏறினேன். பாதியில விழுந்து செத்துட்டேன். லோட் பண்ணியாச்சு.

மணி_486 | 11:38
மேப்பை எடுத்துப் பாருங்க. யூனிட்டில வாசல் இருக்கிற இடத்துல ஒரு ஒளித்தூண் நிக்கும்.

பொழுதுபோக்கன் | 11:41
மேப்பா அது? இடியாப்பத்தைத் தட்டுல கவுத்த மாதிரி இருக்கு. எந்தப் பக்கம் திருப்பினாலும் இன்னும் குழம்புது. தூண் தெரியுது, எனக்கு ரொம்ப மேல நிக்குது.

வெண்ணிலா_ஆர்பிஜி | 11:44
நான் சும்மா படிச்சுக்கிட்டு இருந்தேன். இதே வரிசையில பின்னாடி வந்த ஸ்கைரிம் மட்டும்தான் ஆடியிருக்கேன். அதுல டஞ்சன் முடிஞ்சதும் ஒரு குறுக்குக் கதவு திறந்து நேரா வாசல்கிட்ட விட்டுடும். நிஜமாவே கேக்கறேன், இப்படி ரெண்டு மணி நேரம் தொலைஞ்சு நிக்கிறதுல என்ன சுகம் இருக்கு?

டாஸ் தாத்தா | 11:47
அதுதான் சுகமே அம்மா. கையைப் பிடித்துக் கூட்டிப்போகிற ஆட்டத்தில் உனக்கு என்ன வேலை?

அகழிவாசி | 11:58
தாத்தா சொல்றதுல பாதியைத்தான் ஒத்துக்குவேன். தொலையறது சுகம்தான், ஆனா தொலையறதுக்கும் ஒரு நல்ல இடம் வேணும். டாகர்ஃபால் டஞ்சனெல்லாம் முன்னாடியே செஞ்சு வச்ச துண்டுகளை ஒட்டி ஒட்டிக் கட்டினது. ஒரே மாடிப்படி, ஒரே அறை, நாலாவது டஞ்சன்லயே "இதை எங்கயோ பார்த்தேனே"ன்னு தோணிடும். 1992ல வந்த அல்டிமா அண்டர்வேர்ல்டை எடுத்துக்கோங்க. வுல்ஃபன்ஸ்டைன் 3டிங்கிற துப்பாக்கி ஆட்டத்துக்கு ரெண்டு மாசம் முன்னாடி வந்துச்சு. அதுலயே சரிவான தரை, தலையைத் தூக்கிப் பார்க்கிறது, நீச்சல் எல்லாம் இருந்துச்சு. எட்டே தளம், எட்டும் ஆள் உட்கார்ந்து கையால செஞ்சது. முதல் தளத்துல பச்சை காப்ளின் (குட்டிப் பூதம்) கூட்டம் ஒண்ணு, சாம்பல் காப்ளின் கூட்டம் ஒண்ணு. ரெண்டும் ஒருத்தரைப் பத்தி ஒருத்தர் குறை சொல்லும். மேப் மேலயே நம்ம கைப்பட எழுதி வச்சுக்கலாம். "இங்க பாலம் இடிஞ்சிருக்கு", "இவன்கிட்ட சாப்பாடு கேக்காத"ன்னு நான் எழுதினது இன்னும் ஞாபகம் இருக்கு.

நிலவறை நிலா | நள்ளிரவு 12:09
துண்டு ஒட்டினதுன்னு ஒத்துக்கறேன். ஆனா அண்டர்வேர்ல்டுல நான் எப்பவும் யாரோ எனக்குன்னு எழுதி வச்ச கதைக்குள்ள நடக்குற மாதிரிதான் இருந்துச்சு. டாகர்ஃபால் என்னைக் கண்டுக்கவே கண்டுக்காது. ராத்திரி ஆனா ஊர்க் கதவைச் சாத்திடுவான், நான் மதில் ஏறிக் குதிக்கணும். பேங்க்ல கடன் வாங்கிட்டு அடுத்த ராஜ்ஜியத்துக்கு ஓடிட்டா அங்க யாரும் கேக்க மாட்டாங்க. முக்கியக் கதையை ஆரம்பிச்சு வைக்கிற லேடி பிரிசியெனா கடிதம் அனுப்புறப்ப நான் பாட்டுக்கு வேற ஊர்ல சுத்திக்கிட்டு இருந்தா, அந்த மெயின் குவெஸ்டே கைவிட்டுப் போயிடும்.

அப்புறம் அந்தச் சத்தம். கதவுக்குப் பின்னாடி எலும்புக்கூடு கத்துறதை ராத்திரி ஹெட்போன்ல கேட்டிருக்கீங்களா? ஆளைப் பார்க்கவே மாட்டீங்க, கை மட்டும் மவுஸ் மேல அப்படியே நின்னுடும். டாகர்ஃபால் நகரத்துத் தெருவுல ராத்திரி ஆவிங்க "பழிக்குப் பழி"ன்னு கத்தும். முதல் தடவை அதைக் கேட்டப்ப நான் சத்திரத்துக்குள்ள ஓடி விடியற வரைக்கும் தூங்கினேன்.

அகழிவாசி | 12:13
பயமுறுத்துறது வேற, நல்லா இருக்கிறது வேற.

மணி_486 | 12:15
இழை எங்கயோ போகுது. பொழுதுபோக்கன், ரொம்ப நேரம் ஆச்சுன்னா கன்சோலை (கட்டளை அடிக்கிற பெட்டி) திறந்து டெலி, 2, எக்ஸிட் மூணையும் இடைவெளி இல்லாம ஆங்கிலத்துல அடிங்க. வாசல்ல நிப்பீங்க. தூங்கப் போங்க.

டாஸ் தாத்தா | 12:18
இதற்கு ஆட்டத்தை அழித்துவிட்டு சீட்டு விளையாடலாம். வெட்கமாக இல்லையா, பிள்ளைக்கு இதைத்தான் சொல்லிக்கொடுப்பீர்களா?

மணி_486 | 12:20
தாத்தா, இசட் சிஎஃப்ஜிங்கிற அமைப்பு ஃபைல்ல, குறுக்குவழியைத் திறக்கிற சீட்மோட் 1 போட்டு, அடைப்புக்குறி கீயை அழுத்தி அழுத்திக் குவெஸ்ட் இடத்துக்குக் குதிச்சதா போன வருஷம் நீங்கதானே எழுதினீங்க?

டாஸ் தாத்தா | 12:26
அது ஆராய்ச்சிக்காக.

எலும்புக்கூடு | 12:31
எல்லாரும் கொஞ்சம் இருங்க. நான் முதல்ல கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரல. என்ன கிளாஸ்? மந்திரம் என்னென்ன இருக்கு?

பொழுதுபோக்கன் | 12:37
ஸ்பெல்ஸ்வோர்ட். நெருப்புப் பந்து இருக்கு, காயம் ஆத்துறது இருக்கு. மேஜஸ் கில்டுல (மந்திரவாதிகள் சங்கம்) ரீகால்னு ஒண்ணு வாங்கினேன், அது வேலை செய்யல. காசு தண்டம்.

நிலவறை நிலா | 12:38
என்னது!

எலும்புக்கூடு | 12:38
வேலை செய்யலன்னா? எங்க வச்சுப் போட்டீங்க? என்ன ஆச்சு?

பொழுதுபோக்கன் | 12:43
இந்த டஞ்சனுக்குள்ள நுழைஞ்சதும் சும்மா டெஸ்ட் பண்ணேன். ஆங்கர் வைக்கவா, டெலிபோர்ட் ஆகவான்னு கேட்டுச்சு. முதல்ல இருந்ததை அழுத்தினேன். ஒண்ணுமே நடக்கல. நின்ன இடத்துலயே நின்னேன்.

எலும்புக்கூடு | 12:45
அண்ணே. அந்த ரெண்டு மணி நேரமும் வாசலுக்குச் சாவி உங்க பையிலயே இருந்திருக்கு.

முதல் தடவை நீங்க அழுத்தினது ஆங்கர். "இந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கோ"ன்னு அர்த்தம். ஒண்ணும் நடக்காததுதான் சரி. இப்ப அதே மந்திரத்தைப் போட்டு, இந்தத் தடவை டெலிபோர்ட்டை அழுத்துங்க. நேரா வாசலுக்குப் போயிடுவீங்க.

பொழுதுபோக்கன் | 12:49
மேஜிக்கா (மந்திர சக்தி) பத்தல. தூங்கலாம்னா பக்கத்துல எதிரி இருக்குன்னு விட மாட்டேங்குது.

நிலவறை நிலா | 12:53
அந்தக் கதவுக்குப் பின்னாடி இருக்கிறதுதான். அங்க இருந்து நல்லாத் தள்ளி, கொன்னு முடிச்ச அறை ஏதாவது ஒண்ணுக்குப் போய்த் தூங்குங்க. நல்லவேளை நீங்க சார்சரர் கிளாஸ் இல்ல, அவங்களுக்குத் தூங்கினாலும் மேஜிக்கா ஏறாது.

வெளிய வந்ததும் பயணத்துல "ரெக்லஸ்" போடுங்க, பத்திரமா போறதைவிடச் சீக்கிரம் போயிடலாம். ஊர் எவ்ளோ தூரம்?

ரகசியக்கதவு | 12:58
இருந்தாலும் ஒரு தடவை சுவரைக் கிளிக் பண்ணிப் பார்த்திருக்கலாம்.

வெண்ணிலா_ஆர்பிஜி | 1:04
பொழுதுபோக்கன் தூங்கிட்டார் போல. நான் ஒண்ணு கேக்கலாமா? யூனிட்டின்னா என்ன, காசு கொடுத்து வாங்கணுமா?

மணி_486 | 1:11
வேண்டாம். மூல டாஸ் ஆட்டத்தை 2009லயே இலவசமா விட்டுட்டாங்க. யூனிட்டிங்கிறது ரசிகர்கள் பல வருஷம் உட்கார்ந்து புது என்ஜின்ல திரும்பக் கட்டினது, 1.0 வந்தது 2023 கடைசி நாள்ல. பழைய ஆட்டத்தோட ஃபைல்கள் அதுக்கு வேணும், அவ்ளோதான். அமைப்புல "ஸ்மாலர் டஞ்சன்ஸ்"னு ஒண்ணு இருக்கும், அதை டிக் பண்ணிட்டா மெயின் குவெஸ்ட் தவிர மத்த டஞ்சன் எல்லாம் சின்னதாயிடும். புதுசா வர்றவங்களுக்கு நான் அதைத்தான் சொல்லுவேன்.

டாஸ் தாத்தா | 1:14
சொல்ல மாட்டேன்.

அகழிவாசி | 1:16
தாத்தா, தூங்குங்க.

பொழுதுபோக்கன் | மறுநாள் இரவு 9:20
வந்துட்டேன். எல்லாருக்கும் நன்றி, எலும்புக்கூடு அண்ணாவுக்கு ஸ்பெஷல் நன்றி. வெளிய நல்ல மழை. ஊருக்குப் போறதுக்குள்ள கெடு தாண்டிடுச்சு, கில்டுல மரியாதை போச்சு. வேற குவெஸ்ட் எடுக்கல. அந்தப் பூட்டின கதவுக்குப் பின்னாடி என்ன இருக்குன்னு பார்க்கணும், அதே டஞ்சனுக்குத் திரும்பப் போறேன்.

எலும்புக்கூடு | 9:34
ஆங்கரை ஊர்ல வச்சுட்டுப் போங்க.